வெளியே திரும்பும் வலது பாதம்

ஓடுவது ஒருத்தியின் கால், ஓடி முடித்துச் சிரிப்பது இன்னொருத்தியின் முகம் என்றால், ஓடியது யார்? இந்தக் கேள்வியை யாரும் பெரியவளிடம் நேராகக் கேட்டதில்லை. அவளும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் வாழ்ந்த வாழ்க்கை இதையே திரும்பத் திரும்பக் கேட்டது. அவளோடு வேலை பார்த்த இஸ்திரிக்காரரிடம் கேட்டிருந்தால், பெயர் யாருக்குப் போனதோ அவர்தான் ஓடினார், இதில் என்ன குழப்பம் என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை இழுத்திருப்பார். அந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள் என்றுதான் அம்மா கூப்பிடுவாள். சின்னவளுக்குப் பிற்பாடு பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. பெரியவள் பெரியவளாகவே இருந்துவிட்டாள். சலவைக்கூடத்திலும் அதே பெயர்தான்.

அந்தச் சலவைக்கூடம் ஒரு பெரிய மருத்துவமனையின் நிலவறையில் இருந்தது. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் வெளுப்பு. துவைக்கும் இயந்திரங்கள் சுவரிலேயே பதிந்திருக்கும். ரத்தமும் மருந்துமாக இந்தக் கதவில் நுழைகிற விரிப்பு அந்தக் கதவில் வெள்ளையாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆட்கள் குளித்து உடை மாற்றாமல் வெளுப்புப் பக்கம் வரக்கூடாது என்பது சட்டம். நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்திலிருந்து அழுக்குத் துணி இறங்கி வரவும் வெளுத்தது ஏறிப் போகவும், இரு பக்கத்துக்கும் பொதுவாக நீளமான ஒரு சுரங்கவழி, மெல்லிய சரிவோடு.

அம்மா வெளுப்புப் பக்கத்தில், ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தும் வேலையில் இருந்தவள். ஒருநாள் விரிப்போடு சேர்ந்து அவளுடைய முன்கையும் உள்ளே போனது. கை பிழைத்தது, விரல்கள் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்துக்கு அப்பாவாகப் போயிருந்தார். நிர்வாகம் இரக்கப்பட்டு மூத்த மகளுக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்த இரக்கமும் அழுக்குப் பக்கம் வரைதான் வந்தது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, பெரியவள் துணி வண்டியைத் தள்ளப் போனாள்.

அந்த வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. வலது பின்சக்கரத்துக்கு வெளிப்பக்கம் பிரேக் மிதி இருக்கும். சரிவில் வண்டி தன் இஷ்டத்துக்குப் பாய்ந்துவிடாமல் இருக்க, தள்ளிக்கொண்டே வலது பாதத்தை வெளியே திருப்பி அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் விடுவிக்க இன்னொரு தட்டு. புதிதாக வந்தவர்கள் நின்று நின்று தட்டுவார்கள். பெரியவள் நடையை நிறுத்தாமல் தட்டப் பழகினாள். நாளடைவில் வண்டி இல்லாதபோதும் அந்தப் பாதம் தன் பாட்டுக்கு வெளியே திரும்பியது.

ஓட்டம் அவளுக்கு எப்படி வந்தது என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. காலி வண்டியை மேலே கொண்டுபோகும்போது மெதுவாகப் போனால் தோள் வலிக்கும், ஓடினால் வலிக்காது. அதனால் ஓடினாள். பிறகு வலி இல்லாத நாட்களிலும் ஓடினாள். சின்னவள் பள்ளி விட்டதும் சுரங்கவழியின் மேல்முனையில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கீழே விட்டால் மேற்பார்வையாளர் திட்டுவார். அக்காவின் வண்டிச் சத்தம் கேட்டதும் நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்து கூடவே ஓடுவாள். முதலில் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல்.

காலையில் இருவரும் பொது மைதானத்துக்குப் போனது பெரியவளின் யோசனை. அங்கே பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க வந்த ஒரு பயிற்சியாளர் இருவரையும் ஓடவிட்டுப் பார்த்தார். பெரியவள் வெகுமுன்னால் வந்தாள். அவர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

"இன்னைக்கு வேகம்னா பெரியவதான். ஆனா அந்த வலது கால் வெளிய போகுது பாருங்கம்மா. அதை நேராக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிரும். சின்னவ இன்னும் கெட்டுப்போகல."

கெட்டுப்போகவில்லை என்ற அந்தச் சொல்லை அம்மா பாராட்டாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், நீ வேலைக்குப் போனால்தானே அவள் ஓட முடியும் என்று மூத்தவளிடம் சொன்னாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியான கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் திரும்ப வண்டிக்குப் போனாள். சின்னவள் மைதானத்துக்குப் போனாள்.

சின்னவள் நன்றாக ஓடினாள் என்பதை மறுக்க முடியாது. உழைத்தாள், பதக்கம் வாங்கினாள், பெரிய போட்டிகளில் நின்றாள். முதல் பதக்கம் வந்த புதிதில் ஒரு நிருபர் அவளுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வளர்ந்தேன் என்றாள். மறுநாள் அது, அழுக்கு மூட்டை சுமந்த சிறுமி என்று அச்சாகி வந்தது. அவள் மறுக்கவில்லை. அடுத்த பேட்டியில் கேள்வியே அப்படித்தான் வந்தது. பதிலும் அதற்கேற்றபடி நீண்டது. சில வருடங்களில் அந்த வண்டியைத் தள்ளியது தான்தான் என்று அவளே நம்பத் தொடங்கியிருக்கவும் கூடும். பொய் சொல்கிறவர்களைவிட, தாங்கள் சொன்னதை நம்பிவிடுகிறவர்களிடம் பேசுவதுதான் சிரமம்.

ஒரு ஷூ கம்பெனி அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டது. விளையாட்டு ஷூ விளம்பரங்களை மைதானத்திலும் மலையிலும் கடற்கரையிலும் எடுத்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இதை அந்தச் சலவைக்கூடத்திலேயே எடுப்போம் என்றார் டைரக்டர். எல்லாம் பேசி முடித்த பிறகு, பயிற்சியில் சின்னவளின் முழங்கால் மூட்டு பிசகியது. உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது, ஓடக்கூடாது என்றார் மருத்துவர். அடுத்த பெரிய போட்டிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. மூட்டு விஷயம் வெளியே தெரிந்தால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள்.

அப்படித்தான் சின்னவள் ஒரு மாலை வீட்டுக்கு வந்தாள். நகரத்தின் மறுகோடியில் அவளுக்குத் தனி வீடு. காரை விட்டு இறங்கிப் படியேறும்போது சாதாரணமாக நடப்பதுபோல நடந்தாள். கதவைச் சாத்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்துணியை அவள் முழங்காலில் சுற்றினாள். விளம்பரங்களில் ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் காலை வைத்து எடுப்பது சாதாரண விஷயம்தானாம். ஆனால் வெளியாள் என்றால் வாய் இருக்கும் என்று பயம். முழங்காலுக்குக் கீழே அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. பாத அளவும் ஒன்று.

"நீ ஓடினா போதும்க்கா. காலை மட்டும்தான் எடுப்பாங்க."

"எங்க?"

"உங்க சுரங்கவழியிலதான்."

பெரியவள் ஈரத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். விளம்பரத்தில் என்ன பேசப்போகிறாய் என்று கேட்டாள். சின்னவள் செல்போனைத் திறந்து வாசித்துக் காட்டினாள். 'இங்கேதான் நான் ஓடக் கற்றுக்கொண்டேன். யாரும் பார்க்காத இடத்தில்.' அவ்வளவுதான் வசனம்.

"இதுல ஒரு வார்த்தை சேரு. அக்காவோடன்னு. 'இங்கேதான் நான் அக்காவோட ஓடக் கத்துக்கிட்டேன்.' வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"அவ்வளவுதானே? டைரக்டர்கிட்ட பேசிடறேன்."

"பேசறதுன்னா?"

"சொல்லிடறேன்னு வச்சுக்கோயேன்."

அம்மா உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கூடப்பொறந்தவகிட்ட என்னடி கறார் பேச்சு. அவ சொன்னா செய்வா."

பெரியவள் ஒத்துக்கொண்டாள். தங்கை ஓடும் வீடியோக்களைச் சின்னவளின் மேனேஜர் அனுப்பிவைத்தார். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். சின்னவளின் பாதம் இரண்டும் கோடு போட்டதுபோல நேராக விழும், அதுதான் அவளுடைய அடையாளம், நீங்களும் வலது காலைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியவள் வேலை முடிந்ததும் சுரங்கவழியில் வண்டி இல்லாமல் ஓடிப் பார்த்தாள். பிரேக்கை மறக்க வேண்டும், அவ்வளவுதான். மனம் வைத்து ஓடினால் பாதம் நேராகவே விழுந்தது. நாக்குத் தள்ளும் என்று ஒருவர் சொன்ன காரியம் இத்தனை சீக்கிரத்தில் கைகூடியது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா, வயிற்றெரிச்சலாக இருந்ததா என்பது தெரியவில்லை.

படப்பிடிப்பு நாளன்று அவள் போனபோது கூடத்தை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கூடத்திலும் சுரங்கவழியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே என்றைக்கும் கயிற்றில் துணி காய்ந்ததில்லை. ஆவி வேண்டும் என்று ஓர் இயந்திரம் புகை கக்கிக்கொண்டிருந்தது. விரிப்பு அசையும்போது ஒளியில் துகள் பறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். டைரக்டர் தன் வேலை தெரிந்தவர்தான். கேமரா வழியாகப் பார்த்தபோது அந்த இடம் அழகாக இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் யாரும் அதை அழகாகப் பார்த்ததில்லை. அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அழுக்குப் பக்கத்து ஆட்களைச் சுவருக்குப் பின்னாலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வெளுப்புப் பக்கத்தினர் சலவைச் சீருடையில் ஓரமாக நிற்கலாம்.

"எனக்கும் ஒரு ஜோடி குடுத்தா நானும் ஓடிக் காட்டுவேன்" என்றார் இஸ்திரிக்காரர்.

"காலு ஓடிரும். பின்னாடியே வயிறு வரணுமே" என்றாள் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையற்காரம்மா. "பேசாம நில்லுங்க. இந்தப் பவுடரை எல்லாம் திரும்ப யாரு துவைக்கிறதுன்னு யாராவது கேட்டாங்களா பாருங்க."

ஷூவைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆள் வந்திருந்தார். இன்னும் கடைக்கு வராத ஷூ. உலகத்தில் அப்போதைக்கு அந்த ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றார். பெரியவளை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, அவள் பாதத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கி மாட்டிவிட்டார். அவள் காலை அதுவரை யாரும் அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை. அவர் பதமாகப் பிடித்தது காலை அல்ல, ஷூவை. ஓடும் இடம் வரை கம்பளம் விரித்து நடத்திக் கூட்டிப்போனார். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அவளை உட்காரவைத்து, ஈரத்துணியால் ஷூவின் அடிப்பாகத்தைத் துடைத்தார். புது ஷூவின் அடி அழுக்காகத் தெரியக்கூடாதாம். அந்தச் சுரங்கவழியில் அழுக்குப் படாமல் நடந்த முதல் கால்கள் அவளுடையவை.

முதலில் சின்னவளின் முகத்தை எடுத்தார்கள். ஒரு வண்டியின் விளிம்பில் அவளைச் சாய்த்து நிறுத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வை வரவழைத்தார்கள். இடுப்புக்கு மேலேதான் படம் என்பதால் அவள் காலில் வீட்டுச் செருப்பு. ஷூ பெரியவளின் காலில் இருந்தது. பெரியவள் கேமராவுக்குப் பின்னால், மானிட்டர் அருகில் நின்றிருந்தாள்.

சின்னவள் மூச்சு வாங்குவதுபோல் வாங்கி, நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கேதான் நான் ஓடக் கத்துக்கிட்டேன். யாரும் பார்க்காத இடத்துல."

நன்றாகச் சொன்னாள். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. இது ஒத்திகையாக இருக்கும், அடுத்ததில் வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். டைரக்டர் அருமை என்று சொல்லிக் கைதட்டினார். ஒலிப்பதிவுக்காரர் கருவியைக் கழற்றினார். இனிமேல் கால்தான், குரல் வேலை முடிந்தது என்று அவர் யாரிடமோ சொல்வது அவள் காதில் விழுந்தது.

சின்னவள் மெதுவாக அவளிடம் வந்தாள். வரும் வழியில் ஒரு இடத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுப் பாத்தேன்க்கா. கதையில ஒரே ஆள்தான் இருக்கணுமாம்."

"எப்பக் கேட்ட?"

சின்னவள் குனிந்து முழங்காலைத் தடவினாள்.

"மூட்டு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"போய் உக்காரு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் பேசியிருந்தால் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். பெரியவளின் முகத்தில் எதுவும் மாறவில்லை என்று தையற்காரம்மா பிற்பாடு சொன்னாள். மாறியிருந்தாலும் அன்று அந்த முகத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

விளக்குகளைத் திருப்பினார்கள். புகை வந்தது. கேமராவை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தரையோடு தரையாக ஓட்டினார்கள். பெரியவள் சுரங்கவழியின் கீழ்முனையிலிருந்து ஓடினாள். தொங்கிய விரிப்புகள் தோளில் மோதி விலகின, பவுடர் பறந்தது. அவள் ஓடியதைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் அதிகம் புகழ விரும்பவில்லை. நன்றாக ஓடினாள் என்று மட்டும் சொல்லலாம். மேல்முனையில் நின்று, சுவரில் கைவைத்து மூச்சு வாங்கினாள். இந்த மூச்சுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடியதை வேகம் குறைத்து மானிட்டரில் போட்டுப் பார்த்தார்கள். திரை முழுக்கக் கால்கள். இடது பாதம் நேராக விழுந்தது. வலது பாதம் வெளியே திரும்பி விழுந்தது. மறுபடி இடது நேராக, மறுபடி வலது வெளியே. ஒரு தடவை தவறியது அல்ல. முதலிலிருந்து கடைசிவரை, வண்டி தள்ளும் ஓட்டம். டைரக்டருக்கு அது கண்ணில் படவில்லை. அவருக்கு வேண்டியது ஷூவும் ஒளியும்; இரண்டும் பிரமாதமாக இருந்தன. போதும், மூட்டை கட்டலாம் என்றார்.

டிவியில் ஒரு ஓட்டப்பந்தயத்தையும் தவறவிடாத இஸ்திரிக்காரர் மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவளின் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"இது உன் காலுடா கண்ணு. உன் தங்கச்சி கால் இப்படித் திரும்பாது. ஓட்டம் பாக்கறவன் எவனும் கண்டுபிடிச்சிருவான்."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

சின்னவளும் மானிட்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இது வெளியே போனால் அவளுடைய பயிற்சியாளர் பார்ப்பார், போட்டிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்கள். யார் கால் என்று கேட்பார்கள். ஏன் உன் கால் இல்லை என்று அடுத்து கேட்பார்கள். இன்னொரு முறை எடுங்கள் என்று டைரக்டரிடம் அவளே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், என்ன தவறு என்பதை எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் போட்ட ஷூ கம்பெனியின் ஆள் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். மூட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. போட்டிக்கு முன்னால் நாயகி ஓய்வெடுக்கிறாள், அவள் முகம் மட்டும் போதும் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள்.

அன்று காலையிலிருந்து பெரியவள் காத்திருந்த சொல் அதுதான். ஒலிப்பதிவுக்காரர் அதற்குள் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஷூக்காரர் மண்டியிட்டு நாடாவை அவிழ்க்கக் கை நீட்டினார். கயிறுகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஓடறேன்" என்றாள்.

டைரக்டர் சிரித்தார். "தேவையே இல்லம்மா. சூப்பரா வந்திருக்கு."

"சரியா வரல."

"எது சரியா வரல?"

அவள் கீழ்முனைக்கு நடந்தாள். கம்பளம் விரிக்கும் வரைகூட நிற்கவில்லை. ஷூக்காரர் ஈரத்துணியோடு பின்னாலேயே ஓடினார். டைரக்டர் தோளைக் குலுக்கிவிட்டு விளக்குகளை மறுபடி போடச் சொன்னார். பெரியவள் ஓடினாள். இந்த முறை வலது பாதம் நேராக விழுந்தது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை, கோடு போட்டதுபோல. தங்கை நல்ல நாளில் ஓடுவதைப்போல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டைரக்டர், இதில் புகை நன்றாக விழுந்திருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம் என்றார்.

விளம்பரம் வெளியானது. மருத்துவமனை வாசலுக்கு எதிரே பெரிய பலகையில் அந்தக் கால்கள் நின்றன. போட்டிக்கு முந்தின ஒரு பேட்டியில் பயிற்சியாளர் அதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பாதம் எவ்வளவு நேராக விழுகிறது பாருங்கள், அது என் உழைப்பு என்றார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு தையற்காரம்மா ஒரு காரணம் சொன்னாள், இஸ்திரிக்காரர் வேறொன்று சொன்னார். ரத்தபாசம் என்றாள் அவள். இல்லை, உன்னைப்போல நானும் ஓடுவேன், என்னைப்போல நீ ஓடமாட்டாய் என்று காட்டிவிட்டுப் போனாள் என்றார் அவர். இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் தவறாகவும் இருக்கலாம். பெரியவளிடம் நேராகக் கேட்டது இஸ்திரிக்காரர் ஒருவர்தான், அதுவும் படப்பிடிப்பு அன்றே, கார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு. அவள் அப்போது தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பவுடர் படிந்த விரிப்புகளை வண்டியில் குவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் திரும்ப ஓடின? அதான் நல்லா மாட்டியிருந்தாளே."

"இதெல்லாம் துவைச்சு ராத்திரி வார்டுக்குப் போகணும்ணே" என்றாள் அவள். வலது பாதத்தை வெளியே திருப்பிப் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அழுக்குப் பக்கம் போனாள்.